வயிற்றை ஏமாற்றப் போன ஞாயிற்றுக்கிழமை

வயிறு ஒரு பை என்று நம்பிக்கொண்டிருக்கும் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அது பை அல்ல.

நாக்கில் ருசி அறியும் செல்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் பங்காளிகள் வயிற்றின் உட்சுவரிலும் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே வந்தது இனிப்பா, புரதமா, கொழுப்பா, கசப்பா என்று பார்த்து மூளைக்கும் குடலுக்கும் சேதி அனுப்புகின்றன. ‘போதும், கதவைச் சாத்து’ என்கிற உத்தரவில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ருசியை மட்டும் நமக்குச் சொல்வதில்லை. நம்மை அவை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

இதை நான் படித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை நான்கு வீடுகளில் வைக்க வேண்டும். திருபுவனையில் சித்தி, வில்லியனூரில் பெரியப்பா, அபிஷேகப்பாக்கத்தில் பெரியம்மா மகள் அக்கா, கடைசியாகப் பாகூரில் தாய்மாமன்.

கிளம்பும்போது அம்மா சொன்னாள். “டேய் சேகரு, மாமன் வூட்டுல மட்டும் வயிறு நெறய சாப்ட்டுட்டு வா. இல்லன்னா மாலை எடுத்துக் குடுக்க வரமாட்டான்.”

இது சும்மா மிரட்டல் அல்ல. அண்ணன் தன் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது, மாமா வீட்டில் மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டான். மாமா காதுகுத்துக்கு வரவில்லை. “என் வூட்டுச் சோறு எறங்காதவன் வூட்ல எனக்கு இன்னா வேலை?” என்று கேட்டாராம். கூடப்பிறந்தவன் இல்லாமல் பேத்திக்குக் காது குத்திய அவமானத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், மாமா வீட்டுக்கு முன்னால் மூன்று வீடுகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் பத்திரிகையை வைத்துவிட்டுச் சும்மா எழுந்து வந்துவிட முடியாது. நாம் உட்காரும் முன்பே கலர் பாட்டிலைத் திறந்துவிடுவார்கள். கூடவே மிக்சர், இரண்டு லட்டு. தொடாமல் எழுந்தால், வைத்த பத்திரிகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனதற்குச் சமம்.

சாதாரண மனிதன் இதற்குக் கவலைப்படுவான். நான் படித்தவன். திட்டம் போட்டேன்.

மூன்று வீட்டிலும் சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் குடிப்பது. இனிப்பு இல்லை, கொழுப்பு இல்லை, புரதம் இல்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் செல்களுக்கு ஒன்றும் அகப்படாது. வெறும் தண்ணீர் என்று விட்டுவிடும். பாகூர் போய்ச் சேரும்போது வயிறு காலி!

பின்சீட்டில் தாம்பூலப் பையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி கலாவிடம் இதை விளக்கினேன்.

“ஏங்க, குடுக்கறத குடிச்சுட்டு வர்றதுக்கு எதுக்குங்க இம்மாம் படிப்பு?”

அறிவியலுக்கு எல்லாக் காலத்திலும் எதிர்ப்பு இருந்திருக்கிறது. வண்டியை ஓட்டினேன்.

திருபுவனையில் சித்தி கலர் பாட்டிலோடு வந்தாள்.

“சித்தி, எனக்கு வேணாம். சக்கர போடாம லெமன் தண்ணி மட்டும் குடுங்க.”

சித்தி கலாவைப் பார்த்தாள். கலா மின்விசிறியைப் பார்த்தாள்.

“எப்பத்துலேர்ந்துப்பா?”

“போன வாரத்துலேர்ந்துதான் சித்தி.”

சித்தி ஒரு பெருமூச்சு விட்டு, லட்டுத் தட்டை என் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள். எவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டாள் என்று வியந்தேன். என் பங்கு லட்டையும் கலா சாப்பிட்டாள்.

வில்லியனூரில் நான் வாயைத் திறக்கும் முன்பே பெரியப்பா கையைக் காட்டினார்.

“தெரியும்பா, போன் வந்துச்சு. உக்காரு.”

சொம்பு நிறையக் கலங்கலாக ஏதோ வந்தது. நாவல்கொட்டைப் பொடி, வெந்தயம், இன்னும் என்னென்னவோ.

“இது என்ன பெரியப்பா?”

“மூணே மாசம். சக்கர இருந்த எடம் தெரியாது. எனக்கு இன்னா, இருவது வருசமா இதான்.”

“மூணு மாசத்துல போவும்னா, நீங்க ஏன் இருவது வருசமா குடிக்கறீங்க?”

“எதுத்துப் பேசாத. குடி.”

குடித்தேன். கசப்பை வயிற்றுச் செல்களும் அறியும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? அறிந்தன. எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. எனக்குச் சுகர் என்று சித்தி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள்!

போகட்டும், அக்கா வீட்டில் விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா பட்டதாரி.

அபிஷேகப்பாக்கத்தில் பட்டதாரி அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். “செருப்பக் கழட்டு. காலக் காட்டு.”

“எதுக்குக்கா?”

“காட்டுடா!”

வண்டியை உதைத்துக் கிளப்பியதில் கட்டைவிரலில் ஒரு சின்னச் சிராய்ப்பு. அதைப் பார்த்ததும் “ஐயையோ” என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டம்மா ரத்தச் சர்க்கரை பார்க்கும் மிஷினோடு ஓடி வந்தாள். என் விரலைப் பிடித்து, கேட்காமலே குத்தினாள்.

எல்லாரும் மிஷினைச் சுற்றி நின்றார்கள். அளவு சரியாக இருந்தது.

“பாத்தியாக்கா?” என்று எழுந்தேன். “எனக்கு ஒண்ணுமே இல்ல!”

அக்கா நிம்மதியாகத் தலையாட்டினாள். “மாத்திரை நல்லா வேலை செய்யுது. எந்த டாக்டரு?”

நான் மாத்திரையே சாப்பிடவில்லை என்றேன்.

“மாத்திரை கூடப் போடலியா!” என்று மறுபடியும் சத்தம்.

கலா அங்கே கலரும் முறுக்கும் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

பாகூர் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. என் திட்டம் முழு வெற்றி என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். வயிறு அப்படிக் காலி. தெருமுனையிலேயே மாங்காய் போட்ட மீன்குழம்பு வாசனை வந்தது. மாமா விடியற்காலையில் மணப்பட்டுக்குப் போய், படகு கரைக்கு வந்ததும் வாங்கிய வஞ்சிரம்.

பத்திரிகையை வைத்து விழுந்து கும்பிட்டோம். இலை போட்டார்கள். மாமா இலையில் மீன்குழம்பு. கலா இலையில் மீன்குழம்பு, மேலே வறுவல் இரண்டு துண்டு. என் இலையில் கேழ்வரகுக் களி, பக்கத்தில் எண்ணெய் ஊற்றாமல் வேகவைத்த பாகற்காய்.

“தம்பிக்குன்னு தனியா செஞ்சேன்” என்றாள் அத்தை.

“அத்தை, எனக்குச் சுகரே இல்ல. வயித்துக்குள்ளயும் நாக்குல இருக்கற மாதிரி செல்லுங்க இருக்கு. சக்கர வந்தா அதுங்களுக்குத் தெரிஞ்சிடும்…”

மாமா எச்சில் படாத இடக்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “வயித்துல நாக்கு இருக்குதாம்டி. சக்கர எறங்கிடுச்சுன்னு நெனக்கறேன், கொழம்பிப் பேசறான்.”

“இல்ல மாமா, படிச்சேன்!”

“சரி மாப்ள. அப்ப எதுக்கு சித்தி வூட்ல சக்கர வேணாம்ன?”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உங்கள் வீட்டுச் சோற்றுக்காக மற்றவர்கள் வீட்டுப் பண்டத்தை ஒதுக்கினேன் என்று சொன்னால் மாமா குளிர்ந்துபோவார். ஆனால் அத்தை கையில் போன் இருந்தது. ஸ்பீக்கரில் சித்தி.

“இன்னா சொல்றான் அண்ணி? சாப்டானா?”

உண்மை சித்தி காதில் விழுந்தால், ‘என் லட்டை நீ தொடாததற்கு இதுதான் காரணமா?’ என்று கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வரமாட்டாள். சித்தி வராவிட்டால் பெரியப்பா வரமாட்டார். களியைத் தொடாமல் எழுந்தால் மாமா வரமாட்டார். வஞ்சிரத்தை ஒரு முறை பார்த்தேன்.

“கொஞ்சமா… இருக்கு மாமா” என்றேன்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருடி! இந்த வெயில்ல, இந்த ஒடம்ப வச்சிக்கினு, மொறைய வுடாம வந்திருக்கான். இவன் தங்கச்சிக்கு நான் நிக்காம யாரு நிப்பா? புள்ளைக்கு இன்னும் ஒரு உருண்டை களி வையி!”

அத்தை இரண்டு வைத்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அம்மா சொன்னதும் அதைத்தானே!

மூன்று வீட்டுக் கலர், லட்டு, முறுக்கு எல்லாம் உள்ளே போயிருந்தும் கலா இரண்டு முறை சோறு வாங்கினாள். அவள் வயிற்றில் இருக்கும் செல்கள் எதையும் படிக்கவில்லை போலும்.

திரும்பும் வழியில் கேட்டேன். “மீன் எப்படி இருந்துச்சு?”

“அது கெடக்குது, சுமாருதான்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஏப்பம் வந்தது.

மாமா கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்டார். சபை நடுவில் நின்று மாலை எடுத்துக் கொடுத்தார். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாயசம் வந்தபோது என் இலையைக் கையால் மூடினார்.