ஜப்திக்கு முன்னறிவிப்பு

கோர்ட்டில் ஜெயித்தவர் என்று ஒரு ரகம் உண்டு. ஜெயித்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கப் போகிறவரைச் சொல்லவில்லை. அவர் சாதாரண மனிதர், அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இவர் வேறு. தீர்ப்பு வந்த அன்றே பணமும் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டீக்கடையில் ஒரு தரம், சலூனில் ஒரு தரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் ஒரு தரம் என்று படித்துக் காட்டுகிறவர். எதிர்ப்பட்டால் நீங்கள் தப்ப முடியாது.

நம் வெல்டிங் பட்டறைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் கான்ட்ராக்டர் ஒருவருக்கு மேசை, அலமாரி, அடுப்பு ஸ்டாண்டு என்று ஒரு சமையற்கூடத்துக்கே இரும்புச் சாமான் செய்து கொடுத்தார். கான்ட்ராக்டர் முன்பணம் தந்ததோடு சரி. கோர்ட்டுக்கு நடையாய் நடந்து நம்மவர் ஜெயிப்பதற்குள் பட்டறை வாடகை ஏகத்துக்கும் பாக்கி ஏறிவிட்டது. வருஷக் கடைசிக்குள் வராவிட்டால் பூட்டுதான் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பூட்டு வாங்கியாகிவிட்டதாகவும் சொன்னார்.

அசந்தாரா நம்மவர்? மனைவி வாடகையைப் பற்றிக் கேட்டால், "அதான் ஜெயிச்சாச்சே!" இரும்புக் கடைக்காரர் பாக்கி கேட்டால், அதற்கும் அதே பதில். கடைசியில் வக்கீல்தான் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஜெயிச்சா மட்டும் பணம் வந்துடாதுங்க. நிறைவேற்று மனு போடணும். அந்த ஆளுக்கு என்ன இருக்குன்னு நாமதான் கண்டுபிடிச்சு கோர்ட்டுக்குச் சொல்லணும். வண்டி ஏதாவது இருக்கா?"

"புது வேன் வாங்கியிருக்கான் சார், என் காசுல!"

"அதை ஜப்தி பண்ணிடலாம். ஆனா வெளியில மூச்சு விடாதீங்க."

ஒரு மனிதர் எத்தனை நேரம்தான் மூச்சு விடாமல் இருப்பார்? அன்று மாலையே டீக்கடையில் கான்ட்ராக்டர் எதிர்ப்பட்டார். இந்த ரகத்தைக் கையாள அவருக்குத் தெரியும். எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்கண்ணே! என்ன இருந்தாலும் ஜெயிச்சவரு நீங்க. அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?"

தோற்றவன் எழுந்து நின்று கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா?

"இன்னும் கொஞ்ச நாள்தாண்டா உனக்கு அந்த வேன்ல சவாரி. நல்லா அனுபவிச்சுக்கோ!"

டீக்கடையே ஆரவாரித்தது. நம்மவர் குடித்த டீக்குக் கான்ட்ராக்டரே காசு கொடுத்தார். தீர்ப்புக்குப் பின் அவரிடமிருந்து வசூலான தொகை அது ஒன்றுதான். கோர்ட் அமீனா ஜப்தி உத்தரவோடு போனபோது வேன் கான்ட்ராக்டரின் மைத்துனர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து, பேங்க் கணக்கு. இந்தத் தடவை நம்மவர் வாயே திறக்கவில்லை. கான்ட்ராக்டரைப் பார்த்ததும் பேங்க் இருக்கும் திசையைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான். உத்தரவு போய்ச் சேர்ந்தபோது, கணக்கு உயிரோடு இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அதில் இருந்தது.

"சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"நான் எங்க சொன்னேன்? அவனா புரிஞ்சுக்கிட்டான்."

"ஊருக்கெல்லாம் வெல்டிங் வைக்கிறீங்களே, உங்க வாய்க்கு ஒண்ணு வச்சுக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். பட்டறை போனால் இந்த வயதில் இன்னொருவன் பட்டறையில் கூலிக்கு நிற்க வேண்டும். மனசு ஆறட்டும் என்று தீர்ப்பை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனார்.

அதன் பிறகு வீட்டில் ஒரு மாறுதல். அவர் உள்ளே வந்தால் மனைவியும் அவள் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். தம்பி ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருப்பவன். கான்ட்ராக்டர் தினமும் சாப்பாடு போடுவது அந்தத் தொழிற்சாலைக்குத்தான். ஒரு நாள் மனைவி அவரை வக்கீலிடம் அழைத்துப்போனாள். வக்கீல் ஒரு தாளை நீட்டினார்.

"என்ன சார் இது?"

"ஒண்ணுமில்ல, வழக்கமானதுதான்."

"சீக்கிரம் கையெழுத்தைப் போடுங்க, வீட்டுல வேலை கிடக்கு" என்றாள் மனைவி.

போட்டார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையாம் என்று வழியில் அவள் சொன்னதை அப்படியே நம்பினார். நம்பியதை டீக்கடையில் கான்ட்ராக்டரிடமும் சொல்லிப் புலம்பினார். அவர் மனதாரச் சொன்னதால் கான்ட்ராக்டரும் மனதார நம்பி, நிம்மதியாகத் தொழிற்சாலைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்.

கான்ட்ராக்டருக்குச் சேர வேண்டிய சாப்பாட்டுப் பணத்தை, அந்தத் தாளின் பேரில் வந்த கோர்ட் உத்தரவுப்படி, தொழிற்சாலை நேராகக் கோர்ட்டில் கட்டியது. அது வக்கீல் வழியாகக் கைக்கு வந்ததும் மனைவி வாடகை பாக்கியைத் தீர்த்து, ரசீது வாங்கி, பத்திரப்படுத்திவிட்டு, பிறகுதான் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பாத்தியா? எனக்குப் பயந்துட்டான்!" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. டீக்கடை மூடுவதற்குள் போக வேண்டாமா?

சிரிக்காதீர்கள். நீங்கள் கோர்ட் வாசலை மிதித்ததில்லைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இடம் வாங்கியதோ, மகன் வேலை மாறியதோ, உங்கள் வீட்டு நல்ல காரியம் ஏதாவது, எல்லாம் முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிய வந்ததா? நீங்கள் நுழைந்ததும் பேச்சு நின்று, "சும்மாதான் பேசிட்டிருந்தோம்" என்றார்களா? அப்படியானால் கவலையை விடுங்கள். உங்கள் வீட்டில் ஏதோ நல்லது நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் உங்களுக்கும் சொல்வார்கள்.