நாளைக்கு என்று தட்டினால்

ஜப்பானிய மொழியில் “நாளைக்கு” என்று தட்டினால், அடுத்த சொல்லாக “சந்திப்போம்” என்று செல்போன் தானாக எடுத்துக் கொடுக்க வேண்டும். நேற்று வரை சமர்த்தாகக் கொடுத்தது. இன்று காலை வேறு என்னவோ எழுத்துகள் வந்து நின்றன. கட்டைவிரலார் அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தார்.

“வேலையை விடுகிறேன்” என்று வந்தது.

மறுபடி தட்டினார். மறுபடியும் அதேதான்.

அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் கட்டைவிரலார். ஜப்பானிய விசைப்பலகையில் ஒரு கட்டத்துக்குள் ஐந்து எழுத்துகள் குடியிருக்கும். தொட்டால் ஒன்று, நாலு பக்கமும் தள்ளினால் மற்ற நாலு. இந்த விசைப்பலகையைச் செய்தவர் அவர்தான். நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி, அவர் கட்டைவிரல் இப்போது சட்டைப் பொத்தான் போடக்கூட மறுக்கிறது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்கக் கூடாது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் அம்மா இருக்கிறார்.

அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது.

விசைப்பலகைக்குச் சீக்கிரம் புத்தி வரட்டும் என்று, ஒரு போனில் கற்றதை மற்றப் போன்களுக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அவரே செய்து வைத்திருந்தார். சோதனைப் போன்கள் மொத்தமே நாலு. ஒன்று அவருடையது. ஒன்று மேனேஜருடையது, அவருக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஒன்று போன மாதம் ஜப்பானிய வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் போனது. “அவங்க பெட்டியையே பிரிச்சிருக்க மாட்டாங்க” என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மிச்சம் மொழிபெயர்ப்பாளர்.

இன்று மதியம் அந்த வாடிக்கையாளர்கள் நேரில் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கட்டைவிரலார் குழுத் தலைவர். அவர் மனைவி இதைத் தன் அக்கா வீட்டுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாள். சகலை நேற்றே போன் போட்டு, “என்ன தலைவரே, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?” என்று கேட்டாயிற்று. இந்த நேரத்தில் அந்த அம்மா வேலையை விட்டால் எல்லாமே நட்டாற்றில்.

முதலில் அந்தச் சொல்லையே வரவிடாமல் தடை போட்டார். தட்டிப் பார்த்தார். அடுத்தது எட்டிப் பார்த்தது: “யாரிடமும் சொல்லாதே.”

அதற்கும் தடை போட்டார். பிறகு வந்ததைப் படித்ததும் அவருக்கு வியர்த்தது. “அந்த வழுக்கைத் தலையன் முகத்தில் இனி விழிக்க வேண்டாம்.”

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மேனேஜரின் வழுக்கை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கு இனி இடமே இல்லை.

கற்றது அத்தனையையும் துடைத்தெறிந்தார். விசைப்பலகை பச்சைக் குழந்தையாகி, எதைத் தட்டினாலும் திருதிருவென்று விழித்தது. இதை எப்படி வாடிக்கையாளரிடம் காட்டுவது என்று அவர் தலையில் கை வைத்தபோது, மற்றப் போன்கள் தாங்கள் கற்றதையெல்லாம் இதற்கு அன்போடு திரும்பச் சொல்லிக் கொடுத்து முடித்தன. அவர் போட்ட தடைகள் போயே போய்விட்டன. இப்போது மூன்றும் வரிசையாக வந்தன.

இனி ஆளைப் பிடித்து நிறுத்துவதுதான் வழி. நேரே போய்க் கேட்டால் ரோஷத்தில் இப்போதே கிளம்பிவிட்டால் என்ன செய்வது? பக்குவமாகப் போக வேண்டும்.

“மேடம், நீங்க என் ஜன்னலோர சீட்டை எடுத்துக்குங்களேன். காத்து நல்லா வரும்.”

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு எதுக்கு சார்? இங்கயே நல்லாத்தான் இருக்கு.”

பிடி கொடுக்கவில்லை. உள்ளே முடிவு பண்ணிவிட்டார் போலிருக்கிறது என்று கட்டைவிரலார் விலையை ஏற்றினார்.

“சீட்டு மட்டும் இல்ல மேடம். இந்தக் குழுவுக்கு நீங்கதான் தலைவரா இருக்கணும். மொழி தெரிஞ்சவங்க நீங்க. நான் உங்களுக்குக் கீழ வேலை பாக்கறேன்.”

அந்த அம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தார். “உடம்புக்கு ஏதாவது முடியலையா சார்?”

“விளையாட்டுக்குச் சொல்லல. இப்பவே மேனேஜர்கிட்ட பேசறேன். நீங்க மட்டும் எங்கயும் போயிடாதீங்க.”

“நான் எங்க சார் போகப்போறேன்?” என்றார் அவர். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டே கட்டைவிரலார் மேனேஜர் அறைக்கு ஓடினார்.

மேனேஜர் தன் காதைத் தானே நம்பவில்லை. “அந்தப் பதவிக்காக வருஷக்கணக்கா என் உயிரை எடுத்தியேப்பா?”

“குழுவோட நல்லதுக்குத்தான் சார்.”

“அப்ப மெயில்ல போட்டுடு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

போட்டார். சகலையின் சிரிப்பு காதில் கேட்டது. அழுகை வரும்போல் இருந்தது. மேனேஜர் உடனே எல்லோரையும் கூட்டி அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கட்டைவிரலாரும் தட்டினார்.

மதியம் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரியவர், அவர் தலையும் மேனேஜர் தலைக்குச் சளைத்ததில்லை. மற்றவர் அவருடைய உதவியாளர், தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்.

“வணக்கம்”, “நன்றி”, “மழை வரும்போல் இருக்கிறது” எல்லாவற்றையும் கட்டைவிரலாரே தட்டிக் காட்டினார். “நாளைக்கு” இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“அவரே ஒரு தடவை அடிச்சுப் பாக்கணுமாம்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பெரியவரின் விரல் முதல் கட்டத்தில் இறங்கியது. தொட்டது, இடது பக்கம் தள்ளியது, வேறு கட்டத்துக்குத் தாவியது. அது எந்தச் சொல்லுக்கான பாதை என்று உலகத்திலேயே கட்டைவிரலாருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெரியவர் திரையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். இடது கை தானாக உயர்ந்து தன் வழுக்கையைத் தடவியது. கேட்ட கேள்வியின் சூடு, மொழி தெரியாதவர்களுக்கும் உறைத்தது.

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் கட்டைவிரலார் முந்திக்கொண்டார்.

“மேடம், அவர் தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்த வழுக்கைத் தலையன் அவர் இல்ல. எங்க மேனேஜர்தான்.”

மேனேஜர் மெல்லத் திரும்பினார். “யாருப்பா வழுக்கைத் தலையன்?”

“நான் சொல்லல சார். மேடம்தான் எழுதினாங்க. நாளைக்கு அவங்க வேலையை விடறாங்க. அதனாலதான் நான் பதவியையே...”

“நான் விடறேனா?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அப்போது ஒல்லி மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பெரியவரைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் நாலைந்து வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

மொழிபெயர்ப்பாளர் கட்டைவிரலாரிடம் நிதானமாகச் சொன்னார்: “வேலையை விடப்போறது இவராம் சார். நாம குடுத்த போன்லேர்ந்து வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் ரகசியமா எழுதினாராம். காலையில நீங்க எதுக்கு என்னைத் தலைவராக்கினீங்கன்னு எனக்கு இப்பதான் புரியுது.”