சம்பந்தி உடனே புறப்பட்டு வரவேண்டிய விஷயம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். வழக்கமாக ‘நாங்கள் நலம்’ என்று எழுதுவேன். இனி பன்மையில் எழுதலாமா கூடாதா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. தங்கள் முழங்கால் வலி, சம்பந்தி அம்மாவின் ரத்த அழுத்தம், தங்கள் மருமகளாகிய என் மகளின் கோபம் மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். மூன்றாவது இதைப் படித்தால் ஏறிவிடும், ஆகவே அவளிடம் காட்ட வேண்டாம்.

போன மாதம் ஒரு காலையில் நான் செய்தித்தாளில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பட்டாணி உரித்தபடி, ஜன்னல் திரையை மாற்றலாம் என்று சொல்கிற அதே குரலில், “நான் விவாகரத்து வாங்கிக்கலாம்னு இருக்கேங்க” என்றாள். “யார்கிட்டேருந்து?” என்று கேட்டேன். சிரிக்காதீர்கள் சம்பந்தி, தூக்கிவாரிப் போட்டால் மனுஷனுக்கு வாயில் இப்படித்தான் வரும். “உங்ககிட்டேருந்துதான். வேற யாரைக் கட்டிக்கிட்டேன்?” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

நான் ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. லிஃப்ட் நின்றால் காரணம் இருக்கும். கதவு சரியாக மூடியிருக்காது, கம்பி தேய்ந்திருக்கும், யாராவது உள்ளே குதித்திருப்பார்கள். சும்மா எந்த லிஃப்டும் நிற்காது. ஆகவே எனக்குக் கோபத்தைவிட, பழுது எங்கே என்று தெரிந்துகொள்ளும் குறுகுறுப்புதான் அதிகமாக இருந்தது. என் குறட்டையா என்று கேட்டேன். “அது பழகிப்போச்சு. இப்ப அது நின்னாத்தான் பயமா இருக்கும்.” என் அக்கா வந்து வந்து தங்குவதா என்று கேட்டேன். “உங்களைவிட உங்க அக்காவைத்தான் எனக்குப் பிடிக்கும்.” தயங்கித் தயங்கி, மனசில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணியெல்லாம் தரையில் உருண்டது. “ஒருத்தரை வச்சுக்கிட்டுப் பட்டது போதாதா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்போ பட்டிருக்கியே! என்ன பட்டே, அதைச் சொல்லு!” என்று பிடித்துக்கொண்டேன். “ஒண்ணும் படலைங்க, பேச்சுக்குச் சொன்னேன்” என்கிறாள். இவளிடம் நான் எங்கே போய்ப் பழுதைத் தேடுவது? மண்டியிட்டுப் பட்டாணியைத்தான் பொறுக்கினேன்.

வக்கீலிடம் இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனோம். என் மகள் வயதுப் பெண். எங்களைப் பார்த்ததும் மிகவும் இரக்கத்தோடு, “யாருக்கு? பையனுக்கா, பொண்ணுக்கா?” என்று கேட்டாள். “எங்களுக்குத்தாம்மா” என்றேன். காரணம் கேட்டாள். நானும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன், இங்கேயாவது தெரியட்டும் என்று. என் மனைவி சொன்னாள்: “அப்பா வீட்டிலிருந்து நேரா இவர் வீட்டுக்கு வந்தேன். இவர் ஃபேன் பக்கம் படுப்பார், எனக்குச் சுவர் பக்கம். எனக்கு எந்தப் பக்கம் பிடிக்கும்னு எனக்கே தெரியாது. யாருக்கும் டீ போட வேண்டாம்னா நான் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன்? அதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்.” வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அதுக்கு விவாகரத்து எதுக்குங்க? கொஞ்ச நாள் தனியா இருந்து பாருங்களேன்.” “இருந்தா, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு ஆளாளுக்குச் சமாதானம் பேச வருவாங்க. நான் கோவிச்சுக்கவே இல்லையே! அதுவுமில்லாம, ஒத்தாசைக்குன்னு இவரும் பின்னாலயே வந்துடுவார்.” அது உண்மைதான் சம்பந்தி. வந்துவிடுவேன்.

பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். சாமான் ஏற்றுகிறவர்கள் நிலைக்கண்ணாடியை உடைத்துவிடுவார்களே என்று நானே தூக்கிக்கொண்டு போனேன். சுவரில் துளை போட்டு அலமாரியும் மாட்டிக்கொடுத்தேன். வீட்டுக்காரம்மா எட்டிப்பார்த்து, “இவர் யாருங்க, அண்ணனா?” என்று கேட்க, என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரிஞ்சவர்” என்றாள். தெரிந்தவர்! அவளுக்குப் பிரசவமானபோது ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்தவன் நான். ஆனால் படி இறங்கும்போது வேறொரு யோசனை வந்தது. அவளுக்கு என்னைத் தெரியும், சரி. எனக்கு அவளைத் தெரியுமா?

இந்தக் கேள்வி போன வாரம் பெரிதாகிவிட்டது. அவள் அறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கலாமென்று (ஒழுகுவதாக யாரும் சொல்லவில்லை) சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கதவுக்கு உள்ளே யாரோ விசிலடிக்கும் சத்தம். ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விடாமல், கவலையே இல்லாத ஒரு ஆளின் விசில். அன்று அவள் சிரித்த சிரிப்பெல்லாம் நடிப்பா என்று கதவை இடித்தேன். அவளே திறந்தாள். அவளைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்வையைவிட்டேன். யாரும் இல்லை. “விசிலடிச்சது யாரு?” “நான்தான்.” “உனக்கு விசிலடிக்கத் தெரியுமா?” “சின்ன வயசிலேயே அடிப்பேன். கல்யாணமான புதுசுல உங்க அம்மா, வீட்டுல விசில் சத்தம் கேக்கக் கூடாதுன்னாங்க. விட்டுட்டேன்.” “நல்லாத்தான் அடிக்கிறே” என்றேன். “தேங்க்ஸ். இனிமே வர்றதுக்கு முன்னால சொல்லிட்டு வாங்க” என்று மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டாள். குழாயைப் பார்க்கவே விடவில்லை.

சம்பந்தி, இந்த வீட்டில் இப்போது நான் ஃபேனுக்கு அடியில் கட்டிலின் நடுவில் படுத்தும் தூக்கம் வரவில்லை. வக்கீல் எழுதித் தந்த விவாகரத்து மனுவில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், பேனாவைத் திறந்து திறந்து மூடி வைக்கிறேன். தங்கள் வாய்க்கு அவள் கட்டுப்படுவாள். கல்யாணப் பேச்சில் என்னையே மூன்று தடவை வாயடைக்க வைத்தவர் தாங்கள். ஆகவே கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, மனுவைக் கைவிடச் சொல்லி அவளை எப்படியாவது வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். காலில் விழுந்து கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பிடிப்பால் நேரில் முடியாது.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகள் சண்டையில்லாமல் நீடூழி வாழட்டும்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: தயவுசெய்து வராதீர்கள். இதைத் தபாலில் போடுவதற்கு முன்னால், இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டு அவளைப் பார்க்கப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. அவள் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி போட்டு, “அப்புறம், எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள். வீட்டில் என்னிடம் இதை யாரும் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. சாயங்காலம் வரை பேசினேன். அவளும் பேசினாள், பாதி எனக்குப் புதுச் செய்தி. அடுத்த வாரமும் வரலாமா என்றதற்கு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். சொல்லுவாளா மாட்டாளா என்று வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், இந்த வயதில்! தாங்கள் வந்து சமாதானம் செய்துவைத்தால் இதெல்லாம் கெட்டுப்போகும். நேராக வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விவாகரத்துக்கு அப்புறம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரச் சட்டத்தில் தடை உண்டா என்றும் கேட்டேன். இல்லையாம். இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனமில்லாததால் இதை அனுப்புகிறேன்.