டார்ச் பிடித்த பதினோரு காலைகள்

"அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இதுக்கு உயிர் வரலைன்னா, இனி ஜென்மத்துக்கும் திருப்புளியைத் தொடமாட்டேன்!"

பழக்கிடங்கின் இரவுக்காவலர் இப்படிச் சபதம் போட்டபோது கேட்டிருந்தவர்கள் மூன்றே பேர். மனைவி, அவளுடைய தையல் மிஷின், அப்புறம் அந்தக் கணினி. மூவரும் அசையவில்லை.

விளையாடுவதற்கென்றே பாகம் பாகமாக வாங்கி, வீடியோ பார்த்து, தன் கையாலேயே பூட்டிய கணினி. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது. கல்யாண வீடு மாதிரி வண்ண விளக்குகள் மின்னின. திரை மட்டும் இருட்டு. எல்லாரும் வந்து மாப்பிள்ளை வராத கல்யாணம்.

"என்னங்க, அந்த நீளப் பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. நல்லா அழுத்துங்களேன்" என்றாள் மனைவி.

"அது மெமரி. எதை அழுத்தணும்னு எனக்குத் தெரியாதா? இது என்ன உன் தையல் மிஷினா?"

"ஊசி சரியா உட்காரலைன்னா அதுவுந்தான் ஓடாது."

"நீ டார்ச்சைப் பிடி, போதும்."

பிடித்தாள். வேலை முடிந்து அவர் வரும் ஒவ்வொரு காலையும் பிடித்தாள். அவர் ஒயர்களைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சூடு தணிக்கும் பசையை மூன்று தடவை வழித்து, மூன்று தடவை பூசினார். மெமரியை மட்டும் தொடவில்லை. தொட்டால் அவள் பேச்சைக் கேட்டதாகிவிடுமே!

டார்ச் பிடித்தபடி அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அளவு தப்பிய சட்டை, மேல்வீட்டுக் குழாய், முழங்கால் வலி. அவர் "ம்" கொட்டினார். அவள் எழும்போது அவர் படுப்பார், அவள் படுக்கும்போது அவர் கிளம்புவார். ஆறு வருடமாக இப்படித்தான். இவ்வளவு நேரம் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்ததே இல்லை.

பன்னிரண்டாம் நாள், ஞாயிறு. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனைவி கணினி மேசைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு பொத்தானை அழுத்தினார்.

திரை வெளுத்தது!

"ஓடுது! ஓடுதுடி! நேத்துப் பூசின பசை! என் கை ராசி!"

ஒரு சுற்றுச் சுற்றி ஆடி முடிப்பதற்குள், விளையாட்டு தானாகத் திறந்துகொண்டு வரவேற்றது: 'மீண்டும் நல்வரவு, ஊசிராணி! நிலை நாற்பத்தொன்று.'

ஆட்டம் நின்றது. "யாரு இந்த ஊசிராணி?"

மனைவி கண்ணைக் கசக்கித் திரையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, தூங்கிட்டேனா? பட்டையைக் கிளப்பி விட மறந்துட்டேனே!"

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"முதல் நாளே. நீங்க வேலைக்குப் போனதும் அழுத்தினேன், 'டக்'குனு உட்கார்ந்துடுச்சு. பென் டிரைவ்ல எல்லாம் நீங்களே ஏத்தி வெச்சிருந்தீங்க. 'அடுத்து, அடுத்து'ன்னு அது கேட்ட இடத்துல எல்லாம் தட்டினேன். காலையில நீங்க வர்றதுக்குள்ள கிளப்பி விட்டுடுவேன்."

"அடிப்பாவி! ஏன் சொல்லலை?"

"ஓடிட்டா காதுல அந்தக் குடுக்கையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடுவீங்க. ஓடாத வரைக்குந்தானே டார்ச் பிடிக்க என்னைத் தேடுவீங்க?"

கத்த வாயைத் திறந்தார். பதினோரு காலை பேசினாளே, என்னதான் பேசினாள்? குழாய் ஞாபகம் வந்தது. முழங்கால் வந்தது. அதற்கு மேல், நேற்றுவரை இருந்த திரை மாதிரியே இருட்டு.

"வலி எந்தக் கால்ல சொன்னே?"

"இடது. நாலு தடவை சொன்னேன்."

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, கொஞ்சம் நகரு. நானும் ஒரு ஆட்டம் ஆடறேன்."

முதல் நிலை. பதினோரு நொடியில் செத்தார். மறுபடி. எட்டு நொடி.

"பரவாயில்லைங்க, நிதானமா ஆடுங்க" என்று மனைவி முழங்காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். "உங்களுக்கு வராததைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறது, எனக்குப் பழகிடுச்சு."