விலகல் பத்திரம்

“அடையாள அட்டை?” என்றாள் வங்கி நோட்டரி ஜானெல்.

“வெட்டிட்டேன்,” என்றான் கிளேட்டன் பெருமையாக.

காலையில் அவன் கோழி வெட்டும் கத்தரிக்கோலால் ஓட்டுநர் உரிமத்தை நறுக்கியபோதே வெர்னாவுக்குத் தெரியும், இந்தச் சனிக்கிழமையும் போச்சு என்று. இனி எந்த அரசாங்கத்துக்கும் தான் கட்டுப்பட்டவன் இல்லை என்று அவள் புருஷன் பத்திரம் தயாரித்திருந்தான். நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு ஓட்டியதால் போலீஸ் இழுத்துப்போன டிரக் திங்கட்கிழமை ஏலத்துக்கு வருகிறது. பத்திரத்தில் முத்திரை விழுந்தால் டிரக் தானாகத் திரும்பும் என்று, அவன் வாராவாரம் போகும் ‘அரசாங்கத்திலிருந்து விடுதலை’ வகுப்பை நடத்துகிறவர் அடித்துச் சொல்லியிருந்தார். டிரக் இல்லாமல் வெர்னா அத்தனை தூரம் ஆஸ்பத்திரி வேலைக்கு எப்படிப் போவாள் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

“அட்டை இல்லாம நீங்க யாருன்னு எப்படி முத்திரை போடுறது?”

“இதோ நிக்கிறேனே! உயிருள்ள மனுஷன். இந்த மொன்டானா மண்ணுல பொறந்தவன்!”

“மண்ணு வந்து சாட்சி சொல்லாது. உங்களைத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. சம்சாரம் செல்லாது.”

வெர்னா தங்கையிடம் இரவல் வாங்கிய காரில் போய் பக்கத்து வீட்டு நார்பெர்ட்டை அள்ளிக்கொண்டு வந்தாள்.

“உங்க அட்டை?” என்றாள் ஜானெல்.

“நானும் வெட்டிட்டேன். ரெண்டு பேரும் ஒரே வகுப்பு.”

சொன்னதோடு நில்லாமல், வகுப்பில் கற்றுக்கொண்டபடி சிவப்பு மையில் கட்டைவிரலைத் தோய்த்து, கிளேட்டனின் பெயர்மேலேயே அழுத்தி வைத்தான். பத்திரம் பாழ். மறுபடி அச்சடிக்க நூலகத்துக்கு ஓடினால், அங்கேயும் அட்டை கேட்டார்கள்; கிளேட்டன் நூலக அட்டையையும் விட்டுவைக்கவில்லை.

“என் அட்டை இருக்கு. அதையாவது விட்டு வெச்சீங்களே, மகராசன்,” என்றாள் வெர்னா. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

கடைசியாக ஹில்டா அத்தையின் ஞாபகம் வந்தது. கிளேட்டனின் அப்பாவோடு கூடப்பிறந்தவள். ஜானெலுக்கு சர்ச்சில் பழக்கம். சீட்டாட்டத்தின் நடுவில் எழுப்பிக் கூட்டிவந்ததால் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். வங்கியில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

“ஹில்டாம்மா, இவரை எவ்வளவு நாளாத் தெரியும்?”

“நல்லாக் கேட்டே போ. பொறந்த அன்னிக்கு வெந்நீர் வெச்சவளே நான்தான்.”

அப்பாடா என்றிருந்தது வெர்னாவுக்கு. ஜானெல் முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, பத்திரத்தை உரக்கப் படித்தாள்: “மொன்டானா மண்ணில் பிறந்தவனாகிய நான், அமெரிக்கக் குடியுரிமையிலிருந்து இன்று முதல் விலகுகிறேன்…”

அத்தை பேனாவைக் கீழே வைத்தாள்.

“பொறந்தது கனடாவுல, எங்க வீட்டு அடுப்படியில. கைக்குழந்தையா இங்க தூக்கிட்டு வந்தோம். அறுவடை முடியட்டும், இவன் குடியுரிமைக்கு எழுதிப் போடுறேன்னு எங்கண்ணன் சொல்லிட்டே இருந்து போயும் சேர்ந்துட்டான். விலகுறதுக்கு இவன் மொதல்ல சேரணுமேம்மா!”