யாரும் சாகாத கணக்கு

கோலாலம்பூரில் வங்கியோடு சண்டை போட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தன் குடியிருப்பில் யாரும் சாகவில்லை என்பதற்காக வங்கிமேல் வழக்குப் போட்டவர், எனக்குத் தெரிந்து, 'பத்து வெள்ளி' ஒருவர்தான்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தது பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளை. ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம். சொந்தப் பெயர் கோப்பில் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அந்த அடுக்குமாடியின் மரண சகாய நிதிக்குப் பொருளாளரும் அவரே. முறையாகப் பதிவு செய்யாத நிதி என்பதால், பணம் அவர் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கில் கிடந்தது.

யாராவது இறந்தால்தான் அந்தப் பணத்தை எடுப்பார்கள். எடுத்ததை, வீட்டுக்கு வீடு பத்து வெள்ளி வசூலித்து நிரப்பிவிடுவார்கள். மற்ற நாளில் கணக்கைத் தொடக் கூடாது. தொட்டால் சாவு விழும் என்று நம்பிக்கை. கடவுள் புண்ணியத்தில் ஐந்து வருடம் அங்கே யாரும் சாகவில்லை. எங்கள் வங்கியிலோ, ஒரு வருடம் அசையாமல் கிடந்த கணக்குக்கு அதன்பின் ஆண்டுதோறும் பத்து வெள்ளி கட்டணம். ஒருநாள் கணக்குப் புத்தகத்தில் பதிந்து பார்த்தால் நாற்பது வெள்ளியைக் காணோம்.

நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், நாங்க சாகலைன்னு ஃபைன் போட்டிருக்கீங்களா?"

"ஃபைன் இல்லண்ணே, சார்ஜ். வருஷத்துக்கு ஒரு வாட்டி ஒரு வெள்ளி போட்டு வைங்க. கணக்கு உயிரோட இருக்கும்."

"கணக்கு உயிரோட இருக்கும். போடறதும் தொடறதுதானே சார்? அப்புறம் எங்க ஃபிளாட்ல எவன் உயிரோட இருப்பான்?"

கட்டணத்தைப் பற்றி அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம் என்று சுவரைக் காட்டினேன். அறிவிப்பு இருந்தது. அதற்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு தொட்டிச் செடியும் இருந்தது.

அதன்பின் திங்கட்கிழமை தோறும் கடிதம் வந்தது. மலாய் மொழியில் தொடங்குவார், கோபம் வந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார். கிளையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால், அவருடைய கோபம் முழுவதும் என் பங்குக்கு வந்தது. தலைமையகம் ஒருமுறை பதில் போட்டது: 'கட்டணம் விதிப்படி சரியானது. இது கணினி தயாரித்த கடிதம். கையொப்பம் தேவையில்லை.' அடுத்த திங்களன்று வந்த கடிதம் இப்படித் தொடங்கியது:

'மாண்புமிகு கம்ப்யூட்டர் அவர்களுக்கு, வணக்கம். தங்களுக்குச் சாவு கிடையாது. ஆகவே எங்கள் கஷ்டம் தங்களுக்குப் புரிய நியாயமில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் கொடுக்கவும்.'

நான் அதை மொழிபெயர்த்து வாசிக்க, கிளையே சிரித்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான்தான். நானும் சிரித்தேன்.

நாற்பது வெள்ளிக்கு இத்தனை தபால்தலை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணாவது மாடி ஆன்டி கூட்டத்துல கேட்டுட்டாங்க சார். 'யாருமே சாகல, பணம் மட்டும் எப்படி செத்துச்சு?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு என்னைப் பாத்தாங்க."

அவர் கேட்டது நாற்பது வெள்ளியை அல்ல. அது அன்றே எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் செய்யவில்லை.

கடைசியில் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே வக்கீல் வைக்க முடியாது. வங்கியின் சார்பில் ஊழியர்தான் நிற்க வேண்டும், என்னை அனுப்பினார்கள். அவர் துக்க வீட்டுக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவருடைய ஒரே சாட்சி, தொட்டிச் செடியின் புகைப்படம். மாஜிஸ்திரேட் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்தச் செடியை அங்கே வைத்தது யார்?"

தோற்கப் போகிறோம் என்று தெரிந்தது. அப்போது பத்து வெள்ளியைப் பார்த்து நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, இது உங்க பணமா?"

கணக்கு அவர் பெயரில் இருந்தது. வங்கிக்கு அவர்தான் வாடிக்கையாளர். ஆமாம் என்று சொன்னால் போதும். சட்டப்படி அதுவே சரியான பதில். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"சேச்சே! ஜனங்க பணம் சார். எனக்கு அதுல ஒரு காசு கிடையாது." அதை அந்த அறைக்கே கேட்கும்படி, தலை நிமிர்ந்து சொன்னார்.

அப்படியானால் கேட்க அவருக்கு உரிமையில்லை என்று வாதாடினேன். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே அவர் முகத்தில் கோபமே இல்லை. "கேஸ் போனா போகட்டும் லா. இப்ப என் வேன்ல ஏறுங்க சார். ஃபிளாட்டுக்கு வந்து, பேங்க்குதான் எடுத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானே திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்."

"வேலை இருக்குண்ணே" என்றேன். வேலை இல்லை. ஜெயித்தால் அரைநாள் விடுப்பு என்று தலைமையகம் சொல்லியிருந்தது.

பிறகு ஒரு சாவு விழுந்து கணக்கைத் தொட்டபோது, அந்த நாற்பது வெள்ளியையும் சொந்தக் கையிலிருந்து போட்டு நிரப்பினாராம். எடுத்ததால்தானே கட்டினான் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்களாம். பொருளாளர் பதவி வேறொருவருக்குப் போனது. சாவு விழுந்தால் மாடி மாடியாக ஏறி வசூலிக்க மட்டும் வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் அவரையே ஏறவிட்டு, கண்காணிக்கக் கூடவே ஒருவரையும் அனுப்பினார்கள். கண்காணிக்கப் போனவர் இரண்டாவது மாடியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவாராம்.

நான் பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, மறந்தே போயிருந்த என் கணக்கு ஒன்றில் பத்து வெள்ளி குறைந்திருந்தது. வங்கி முகப்பில் இருந்த பெண் இனிமையாகச் சொன்னாள்: "ஒரு வெள்ளி போட்டு வைங்க அங்கிள், கணக்கு உயிரோட இருக்கும்."

மறுநாள் சாலாக் செலாத்தானுக்குப் போனேன். மாலையில் எல்லாரும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் இருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. வங்கிதான் எடுத்தது, அவர் ஜெயிக்க வேண்டிய வழக்கு, நான்தான் தந்திரமாகக் கேட்டுக் கெடுத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டோமே அங்கிள்" என்றார் மூன்றாவது மாடி ஆன்டி.

"நான் மறக்கல ஆன்டி" என்றார் பத்து வெள்ளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், அதை அப்படியே எழுதிக் குடுங்க. உங்க கையாலயே. கையெழுத்தும் போடுங்க. கம்ப்யூட்டர்கிட்ட குடுத்துடாதீங்க."

எழுதிக் கொடுத்தேன். மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். சுற்றுமுற்றும் பார்த்து, அங்கிருந்த ஒரு பூந்தொட்டியைத் தூக்கி அப்பால் வைத்தார்.

பதவி அவரிடமே திரும்பியது. என்னையும் நிதியில் சேர்த்துக்கொண்டார். வெளியாள் எதற்கு என்று யாரோ முணுமுணுத்ததற்கு, "அவரும் சாகத்தானே போறாரு?" என்று அடக்கிவிட்டார். கணக்கு இப்போது கட்டணமில்லாத வேறொரு வங்கியில் அசையாமல் கிடக்கிறது. எங்கள் இருவருக்குமே வயதாகிவிட்டது. அதைத் தொடவேண்டிய நாள் வந்தால், முதலில் எனக்காகத் தொடட்டும். வீட்டுக்கு வீடு பத்து வெள்ளி கேட்டு மாடியேற அவர் இருக்க வேண்டும்.