பேங்கைக் காதால் பார்த்த சங்கு அண்ணாச்சி

கட்டடத்தைப் பார்த்து பேங்க் தேடுகிறவர்கள் உண்டு. வட்டியைப் பார்த்துத் தேடுகிறவர்கள் உண்டு. காதால் கேட்டு பேங்க் தேடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தூத்துக்குடி சங்கு அண்ணாச்சி. யாருக்காவது சந்தேகம் இருந்தால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அந்த ஊர் பேங்க் ஒன்றில் கிளார்க்காகக் குப்பை கொட்டிய என்னிடம் வரலாம்.

கடலில் முங்கி எடுத்த சங்கை வாங்கிக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றுவது அவர் தொழில். அங்கே அதை வளையலாக அறுப்பார்கள். பீச் ரோட்டுக்குப் பின்னால், சரக்கு அடைத்து வைக்கும் அவருடைய கிட்டங்கி. சங்குச் சதை அழுகும் வாடை அவருக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும், அண்ணாச்சி அப்புறம்தான் வருவார்.

அவருடைய கரண்ட் அக்கவுண்ட் வெகுகாலம் வேறொரு பேங்கில் இருந்தது. திடீரென்று அங்கே பித்தளை டோக்கன் கொண்டுவந்தார்கள். செக்கைக் கொடுத்தால் நம்பர் போட்ட வில்லை ஒன்றைக் கையில் தருவார்கள். பணம் தயாரானதும் நம்பரைக் கூப்பிடுவார்கள். அண்ணாச்சி வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம்பேரு என்ன பதினேழா? நான் என்ன செயில்லயா இருக்கேன்?”

கத்திவிட்டு வெளியே வந்தவர், கணக்கை மாற்றப் போகிறேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சங்கு வியாபாரியின் கணக்கு என்றால் சும்மாவா? ஊரில் உள்ள ஏஜெண்டுகளுக்கெல்லாம் தூக்கம் போய்விட்டது. அப்போது பேங்க் மானேஜருக்கு ஏஜெண்ட் என்றுதான் பெயர்.

முதல் பேங்கில் ஏஜெண்ட் அவருக்கு இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார், சுவரைத் தட்டிக் காட்டினார். அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை.

“அது கெடக்கட்டும். இங்கன ஆளைக் கூப்பிடுதது யாரு? ஒரு தடவ எம்பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லும்.”

அங்கே இருந்த கேஷியருக்கு ஜலதோஷம். மூக்கால் கூப்பிட்டார். அண்ணாச்சி காபியைக் கூட முடிக்காமல் எழுந்துவிட்டார். அடுத்த பேங்கில் இங்கிலீஷ் காலேஜில் படித்த பையன். தங்கப்பழம் என்ற பெயரைச் சுருக்கி, ரொம்ப மரியாதையாக “மிஸ்டர் பழம்” என்றான். “மிஸ்டரும் வேண்டாம், பழமும் வேண்டாம்” என்று அண்ணாச்சி நடையைக் கட்டினார்.

பிறகு எங்கள் பேங்குக்கு வந்தார். எங்கள் கேஷியர் ராயப்பன் கடற்கரைக்காரர். நடுக்கடல் தோணிக்குக் கரையிலிருந்து குரல் கொடுத்தே வளர்ந்தவர். ஏஜெண்ட் கண்ணைக் காட்டியதும் கம்பிக்குப் பின்னால் எழுந்து நின்று, “தங்கப்பழம்!” என்று ஒரு சத்தம் கொடுத்தார். வாசலில் நின்ற குதிரை வண்டியில் குதிரை திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இன்னொரு தடவ.”

“தங்கப்பழம்!”

“கணக்க இங்கனயே வச்சிருதேன்.”

அன்றிலிருந்து தினமும் வருவார். கைச்செலவுக்குச் சின்னதாக ஒரு செக். லட்ச லட்சமாகப் புரட்டுகிறவர், வெற்றிலைக்கடைக்காரன் மாதிரி சில்லறை எடுத்துக்கொண்டு போவார். கவுண்டருக்குப் பக்கத்தில் இடமிருந்தாலும் கடைசி பெஞ்சில், தூண் மறைவில்தான் உட்காருவார். அப்போதுதானே ராயப்பன் உரக்கக் கத்த வேண்டும்! முதல் தடவை கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி விட்டத்தைப் பார்ப்பார். இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். பெஞ்சில் காத்திருக்கும் காயல்பட்டினத்து முத்து வியாபாரி ஒருவர், “முதலாளிக்கு ரெண்டாம் மணி அடிச்சாத்தான் வண்டி கெளம்பும்” என்று சிரிப்பார்.

ராயப்பன் லீவில் போன ஒருநாள் நான் கூப்பிட வேண்டியதாயிற்று. எனக்கு அப்போது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவ்வளவு பெரியவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசியது. “தங்கப்பழம் அண்ணாச்சி” என்றேன். அவர் நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சின்னு சேக்கப்படாது தம்பி. அதத்தான் ஊரே கூப்பிடுதே. கிட்டங்கில மொதலாளிங்கான். எம் பொஞ்சாதி இருந்தமட்டும் ‘ஏங்க’ன்னா. பேரச் சொல்லிக் கூப்பிட்டது எங்காத்தா ஒருத்திதான், அவளும் போயிட்டா. இப்ப என்னயப் பேரு சொல்லிக் கூப்பிடுத வயசுல ஒருத்தரும் உசிரோட இல்ல. இந்த பேங்க் ஒண்ணுலதான் கூப்பிடுதாவ.”

நானும் அந்த ஊரில் ஓர் அறையில் தனியாகக் கிடந்தவன்தான். ஆனால் லீவுக்கு வீட்டுக்குப் போனால் “ஏலே” என்று கூப்பிட ஆள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் துறைமுகத்துப் பக்கம் பார்த்திருக்கிறேன். பேங்க் இல்லாத நாளை என்ன செய்வதென்று தெரியாமல், போகிற தோணியையும் வருகிற தோணியையும் பார்த்துக்கொண்டு நிற்பார். பாவமாக இருக்கும்.

யுத்தம் முற்றியதும் கல்கத்தாவுக்குச் சரக்கேற்றுவது நின்றுபோனது. கிட்டங்கியில் சங்கு குவிந்து கிடந்தது, அவர் கணக்கு இளைத்தது. அவர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஏஜெண்ட் மாற்றலாகிப் போக, புதியவர் வந்தார். விறைப்பான மனுஷன். வந்த வேகத்தில் மேலிடத்து உத்தரவு என்று பித்தளை டோக்கனை எங்கள் மேஜைமேலும் கொட்டினார்.

“பெயர் சொல்லிக் கூவுவதற்கு இது மீன் ஏலமா? இனி நம்பர்தான்.”

மறுநாள் அண்ணாச்சி கையில் டோக்கனைக் கொடுத்தவன் நான். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“இங்கனயும் வந்துட்டா தம்பி?” என்றார். “ஊர்ல எல்லா பேங்க்லயும் வந்துட்டு. மாத்திக்கிட்டுப் போக இனி எடமில்ல.”

தூண் மறைவில் போய் உட்கார்ந்தார். பணம் தயாரானது. புது ஏஜெண்ட் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டு, “ஒன்பது” என்றார். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. தூண் பக்கம் அசைவில்லை. மறுபடியும் “ஒன்பது” என்றார். எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை அது விளையாட்டில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி உள்ளங்கையில் வில்லையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சிலிருந்த காயல்பட்டினத்து வியாபாரி எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “தங்கப்பழம்!” என்றார். பக்கத்தில் இருந்த உப்பு வியாபாரி கூப்பிட்டார். பியூன் கூப்பிட்டான். ராயப்பன் ஏஜெண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய குரலை எடுத்தார். எனக்கு வேலை போனால் போகிறதென்று தோன்றியது, நானும் கத்தினேன். ஏஜெண்ட் வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் எழுந்திருக்கவில்லை, விட்டத்தைப் பார்த்தார்.

அவர் வழக்கம் எங்களுக்குத் தெரியாதா? எல்லோருமாகச் சேர்ந்து இன்னொரு தடவை கூப்பிட்டோம்.